வரியின் மறுபாதி

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடருக்கு அறுபது முடிந்திருந்தது.

குருவின் பெயர் பெர்லின் சுஜா. கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண். மழை குறைந்த மேட்டு மாவட்டம் ஒன்றில், கிணற்று நீரைச் சோதிக்கும் சின்ன ஆய்வு மையத்தில் தரவுப் பிரிவைக் கவனித்துவந்தார். பிரிவு என்றால் இரண்டு மேஜை, மூன்று கணினி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி.

சீடர் மாசிலாமணி. அரசு அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவரம் பார்த்தே தலை நரைத்தவர். ஒரு பக்கம் நீளும் கூட்டலைப் பேனா தொடாமல் போடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஓய்வு பெற்ற மறு வாரமே மையத்து வாசலில் வந்து நின்றார்.

"ஆர் மொழி கத்துக்கணும் மேடம்."

"எதுக்கு சார்?"

"கணக்கை விட மனசு வரலை. இப்போ கணக்கெல்லாம் அந்த மொழியிலதான் நடக்குதுங்கறாங்க."

ஆர் என்பது புள்ளியியலுக்கென்றே உண்டான கணினி மொழி. வரி வரியாகக் கட்டளை எழுதினால் கணக்குப் போட்டு விடையைத் தரும்.

சுஜா காலி நாற்காலியைக் காட்டினார். மாசிலாமணி உட்கார்ந்தார்.

மூன்றே மாதத்தில் சராசரி, பரவல், வரைபடம் எல்லாம் அவருக்குக் கைவந்துவிட்டன. ஒன்று மட்டும் அவர் மனத்துக்கு ஒப்பவில்லை. சுஜா போடும் ஒவ்வோர் அட்டவணையின் தலையிலும் விடைக்கு மேலே கணக்கே எழுத்தாக நின்றது. எதன் சராசரி, எந்த மாதம், எதைச் சேர்த்தது, எதைத் தள்ளியது என்று அந்த வரி முழுவதும் அப்படியே இருந்தது. அதை யாரும் தட்டச்சு செய்வதில்லை. கணினியே கட்டளையைப் பிடித்து எழுத்தாக்கி வைத்தது.

ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"விடை சரியா இருந்தா போதாதா மேடம்? கணக்கை எதுக்கு எழுத்தா மாத்தி மேல வெக்கணும்?"

சுஜா மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினார். நடுவில் நீல மையில், அழகான கையெழுத்தில், 38.4 என்று இருந்தது.

"இது என்ன சார்?"

மாசிலாமணி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வெயிலா? டிகிரியா?"

"தெரியாது."

"கிணத்து ஆழமா? மீட்டர்ல?"

"எனக்கும் தெரியாது சார். நான் வேலைக்கு வந்த அன்னைக்கு இந்த இழுப்பறையில கிடந்தது. எழுதினவர் இப்போ எங்க இருக்கார்னும் தெரியாது."

"தப்பான எண்ணா இருக்குமோ?"

"சரியான எண்ணாத்தான் இருக்கும்" என்றார் சுஜா. "எவ்வளவு கவனமா எழுதியிருக்கார் பாருங்க."

மாசிலாமணி தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அன்றே கற்கத் தொடங்கினார். ஆர் மொழியில் அதற்கு இரண்டு சொற்கள். சப்ஸ்டிட்யூட் என்றால், வந்த கட்டளையை அதன் உருவிலேயே பிடித்துக்கொடுக்கும். டிபார்ஸ் என்றால், பிடித்ததை எழுத்தாக்கும். கேட்கச் சுலபம். செய்யும்போது மனிதரை ஆட்டிவைத்தது.

முதலில் தலைப்பு வரவேண்டிய இடத்தில் எண்களாகக் கொட்டியது. பன்னிரண்டு எண்கள், கணக்கின் சுவடே இல்லை.

"நான் கேட்டது கணக்கை. இது விடையைக் காட்டுதே மேடம்."

சுஜா அவருடைய வரிகளைப் பார்த்தார். மாசிலாமணி வந்த எண்களின் தசமத்தை முதல் வரியிலேயே சுருக்கி அதே பெயரில் திரும்ப வைத்திருந்தார். அதன் பிறகுதான் கட்டளையைப் பிடிக்கச் சொல்லியிருந்தார்.

"ஆஸ்பத்திரியில பேரை எப்போ கேப்பாங்க சார்? உள்ள வரும்போதா, மயக்க மருந்து குடுத்த பிறகா?"

மாசிலாமணி இரண்டாம் வரியை முதல் வரிக்கு மேலே ஏற்றினார். கணக்கு எழுத்தாக வந்து நின்றது.

அடுத்த வாரம் வேறு தொல்லை. எந்த அட்டவணையைப் போட்டாலும் தலைப்பில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்து. ஒரு வேலைக்கான கட்டளைகளை ஒன்றாகக் கட்டிவைப்பது செயல்கூறு; அவர் ஒரு செயல்கூறுக்குள் இன்னொன்றை வைத்திருந்தார். வெளியே உள்ளது வாங்கி உள்ளே உள்ளதிடம் கொடுத்தது. உள்ளே உள்ளதிடம் போய், உனக்கு வந்தது என்ன என்று கேட்டால், எக்ஸ் என்றது.

"பொய் சொல்லுதே மேடம்!"

"இல்லை சார். அதுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுது. குடுத்தவங்களை விட்டுட்டு புரோக்கர்கிட்ட கேக்கறீங்க."

மாசிலாமணி வாய்விட்டுச் சிரித்தார். வெளி வாசலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளும்படி எழுதினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. எழுத்தான கணக்கு ஆங்கிலச் சொற்களும் குறிகளுமாக இருந்தது. கிராமத்தில் இதை யார் படிப்பார்கள்? மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு மாற்றி எழுதினார். டிபார்ஸ் தரும் எழுத்தை அது வாங்கும். சராசரிக்கான சொல் வந்தால் 'சராசரி' என்று வைக்கும். சமமில்லை என்ற குறி வந்தால் 'நீங்கலாக' என்று வைக்கும். ஊர், மாதம், ஆழம் எல்லாவற்றையும் தமிழாக்கும்.

முதல் அட்டவணை அச்சாகி வந்தபோது அவர் அதை எழுந்து நின்று படித்தார்.

"மேடம், கணக்கு தமிழ் பேசுது."

சுஜா தாளை வாங்கி முழுதும் படித்தார். பிறகு தன் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினார். அவர் யாருடைய தாளையும் அப்படி ஒட்டியதில்லை என்பது மாசிலாமணிக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போனார்.

அந்த ஆண்டு மாவட்ட நிர்வாகம் மையத்திடம் ஓர் அறிக்கை கேட்டது. பல்லையும் மூட்டையும் கெடுக்கும் ஃப்ளூரைடு உப்பு குடிநீரில் அதிகமுள்ள ஊர்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது. நாற்பத்தோரு ஊர். ஒவ்வோர் ஊரின் பொதுக் கிணற்றிலும் மாதம் ஒரு முறை, பன்னிரண்டு மாதம் எடுத்த அளவுகள் கையில் இருந்தன. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய ஊருக்கு நிலையம். தாண்டாத ஊருக்கு இல்லை.

"நீங்களே போடுங்க சார்" என்றார் சுஜா.

மாசிலாமணி போட்டார். ஓர் ஊரில் மட்டும் கை நின்றது. புங்கங்கொட்டாய். அங்கே ஏப்ரலிலும் மே மாதத்திலும் கிணறு வற்றி, அடியில் கிடந்த கலங்கல் நீரில் அளவு எடுத்திருந்தார்கள். அந்த இரண்டு எண்ணும் மற்ற பத்தோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. இப்படி நிற்பவற்றைத் தள்ளிவிட்டுச் சராசரி போடுவது அவருக்குப் பழக்கம். ஏப்ரல் நீங்கலாக, மே நீங்கலாக என்று கட்டளையில் சேர்த்தார். விடை 1.4 வந்தது. தள்ளியது தலைப்பில் தெரியத்தானே போகிறது, கேட்பவர்கள் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அச்சுக்கு அனுப்பவேண்டிய மதியம், அந்த ஒரு பக்கம் மட்டும் கெட்டது. ஒரு தலைப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு வந்தன; இரண்டாவதை அவர் படித்துப் பார்க்கவில்லை. அட்டவணையும் இரண்டாக வந்தது.

சுஜா அன்று ஊரில் இல்லை. தொலைபேசியில் கேட்டிருக்கலாம். இத்தனைக்குப் பிறகும் இதைப் போய்க் கேட்பதா என்றிருந்தது அவருக்கு. டிபார்ஸ் தந்ததில் முதல் துண்டை மட்டும் எடுத்துக்கொள் என்று ஒரு சின்ன எண்ணைச் சேர்த்தார். ஒரு தலைப்பு, ஓர் அட்டவணை. பக்கம் ஒழுங்காகிவிட்டது. அறிக்கை அச்சுக்குப் போனது.

கூட்டம் ஆட்சியர் அலுவலக அரங்கில் நடந்தது. நாற்பத்தோரு ஊரிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் அறிக்கை. மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜையில் சுஜாவும் மாசிலாமணியும் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைப்புகளைச் சனங்கள் விரல் வைத்துப் படிப்பதை மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம ஊரு. இது பன்னெண்டு மாசம்" என்று ஒருவர் பக்கத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மாசிலாமணி சட்டையை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புங்கங்கொட்டாய் வந்தது. ஒரு பெண் எழுந்தார். வார்டு உறுப்பினர் மாதம்மாள். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். முட்டி மடங்காமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பேசும்போது பல்லில் பழுப்புக் கோடுகள் தெரிந்தன.

"ஐயா, இதுல எங்க ஊருக்கான பக்கத்துல 'புங்கங்கொட்டாய்ப் பொதுக் கிணறு, ஃப்ளூரைடு, சராசரி'ன்னு போட்டிருக்கு. ஒன்னு புள்ளி நாலுன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா" என்றார் ஆட்சியர்.

"மாசா மாசம் உங்க ஆளுங்க குடுத்த சீட்டு பன்னெண்டும் எங்கிட்ட இருக்கு." பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். "எங்க ஊரு டீச்சரு செல்போன்ல கூட்டிப் பார்த்தாங்க. ஒன்னு புள்ளி ஏழு வருது. ரெண்டு தடவ போட்டோம். மூணாந்தடவ நானே போட்டேன்."

அரங்கில் சலசலப்பு எழுந்தது.

மாசிலாமணி சீட்டுகளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. அறிக்கையின் அந்தப் பக்கத்தைத் திருப்பினார். தலைப்பு சராசரி என்ற சொல்லோடு முடிந்திருந்தது. ஏப்ரல் இல்லை. மே இல்லை. நீங்கலாக என்ற சொல்லே இல்லை.

சுஜா மடிக்கணினியில் எதையோ தட்டினார். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

கட்டளை நீளமாக இருந்தது. அறுபது எழுத்தைத் தாண்டிப் போனால் டிபார்ஸ் அதை ஒரே வரியாகத் தராது. வெட்டி இரண்டு துண்டாகத் தரும். அவர் முதல் துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டாவதை விட்டிருந்தார். திரையில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.



மேடையிலிருந்த அதிகாரி ஒருவர் குனிந்து மெதுவாகக் கேட்டார். "அச்சுப் பிழைதானே சார்? சொல்லிடுங்க, அடுத்த ஊருக்குப் போயிடலாம்."

நல்ல மனிதர். தப்பிக்க வழிதான் காட்டினார். அச்சுப் பிழை என்றால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. அச்சகத்தாரும் இங்கே இல்லை. மாசிலாமணி சுஜாவைப் பார்த்தார். சுஜா அவரைப் பார்க்கவில்லை. மாதம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி எழுந்தார்.

"அச்சுப் பிழை இல்லீங்க. என் பிழை."

அரங்கின் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கணக்கோட வரியில பாதிதான் உங்க கையில இருக்கு. மறுபாதியை நான் வெட்டிட்டேன். தெரிஞ்சு செய்யலை. ஆனா செஞ்சது நான்தான். முழு வரியையும் இப்போ படிக்கிறேன்."

திரையைப் பார்த்துப் படித்தார்.  

"புங்கங்கொட்டாய்ப் பொதுக் கிணறு. ஃப்ளூரைடு. சராசரி. ஏப்ரல் நீங்கலாக. மே நீங்கலாக."

 மாதம்மாள் கேட்டார்.

"அந்த ரெண்டு மாசத்தை ஏனுங்க நீக்குனீங்க?"

"கிணறு வத்தியிருந்தது. கலங்கல் தண்ணி. அளவு ரொம்ப அதிகமா இருந்தது. ஏப்ரல்ல மூணு. மே மாசம் மூணு புள்ளி நாலு. அது சரியான அளவா இருக்காதுன்னு தள்ளினேன்."

"அந்த ரெண்டு மாசம் நாங்க எதைக் குடிச்சோம்னு நெனச்சீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால்தான் மாசிலாமணிக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது.

"வேற தண்ணி இல்லையாம்மா?"

"நாலு கிலோமீட்டருக்கு இல்லீங்க. அந்தக் கலங்கலைத்தான் துணியில வடிகட்டிக் குடிச்சோம். பச்சப்புள்ளைங்களும் அதைத்தான் குடிச்சுது."

மாசிலாமணி உட்காரவில்லை. ஆட்சியர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அனுமதி குடுத்தா இங்கேயே திருத்திக் காட்டறேன். எல்லாரும் பாக்கற மாதிரி."

ஆட்சியர் தலையசைத்தார். மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்தார்கள். மாசிலாமணி நீங்கலாக என்ற இரண்டையும், சனங்கள் பார்க்கப் பார்க்க, ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பொத்தானை அழுத்தினார்.

1.7.

மேலே தலைப்பு தமிழில் வந்து நின்றது. மாதம்மாள் அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்ததும், "ஆமா, இப்போ முழுசா இருக்கு" என்றார்.

ஆட்சியர் பட்டியலில் தன் கையாலேயே ஊரைச் சேர்த்துக் கையெழுத்திட்டார். புங்கங்கொட்டாய்க்கும் நிலையம் உண்டு என்று அறிவித்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு நிறையப் பேர் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது மாதம்மாள் மெல்ல நடந்து அவர்களின் மேஜைக்கு வந்தார். அறிக்கையைப் பிரித்து வைத்தார்.

"சாரு, அந்த வரிய முழுசா இதுல எழுதிக் குடுங்க. முன்ன இருந்ததையும், இப்போ திருத்துனதையும்."

"முன்ன இருந்ததும் வேணுமா?"

"வேணுங்க. நாளைக்கு யாராச்சும் அந்த ரெண்டு மாசத்த மறுபடி நீக்குனா, எங்க புள்ளைங்களுக்கு எங்க பாக்கணும்னு தெரியணுமில்ல."

மாசிலாமணி பேனாவை எடுத்தார். இரண்டு வரிகளையும் எழுதினார். கீழே தேதியிட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதம்மாள் மை காயும்வரை நின்று, பக்கத்தை மூடாமல் விரித்தபடியே எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் மாசிலாமணி மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டார். எத்தனை துண்டு வந்தாலும் அத்தனையையும் ஒட்டி ஒரே வரியாக்கும்படி செயல்கூறைத் திருத்தினார். நாற்பத்தோரு ஊருக்கும் ஓட்டினார். ஒவ்வொரு தலைப்பையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தார். வேறு எதுவும் வெட்டுப்படவில்லை. அதற்குள் பாதி வழி வந்துவிட்டது.

"மேடம், அந்த ரெண்டாவது துண்டைப் பத்தி உங்ககிட்ட அன்னைக்கே கேட்டிருக்கணும். கௌரவம் பாத்துட்டேன்."

"நானும் அச்சுக்குப் போறதுக்கு முன்னால படிச்சிருக்கணும் சார். உங்க வேலைன்னு விட்டுட்டேன்."

 சாலையோரம் புளியமரங்கள் ஓடின.

"திட்ட மாட்டீங்களா?"

"எதுக்கு?"

"இருநூறு பேர் முன்னாடி மையத்தோட மானம் போச்சே."

"போச்சா?" என்று கேட்டார் சுஜா.

மாசிலாமணி யோசித்தார். இருநூறு பேர் முன்னால் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டு வருகிற மனிதனுக்குத் தலை குனிந்திருக்க வேண்டும். அவருக்கோ முதுகு நிமிர்ந்திருந்தது. எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்த அந்தப் பெண்ணின் குரல் காதிலேயே இருந்தது. பெருமையாக இருந்தது. இப்போது பெருமைப்படலாமா என்று தெரியாததால் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றார். "முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஆயிரக்கணக்கான அட்டவணை போட்டிருக்கேன். ஒரு தடவைகூட, ஒரே ஒரு ஆள்கூட, என் கணக்கு தப்புன்னு சொன்னதில்லை. உங்ககிட்ட வந்து ஒரு வருஷம் ஆகலை. இன்னைக்கு ஊரே பாக்க ஒரு அம்மா எழுந்து நின்னு தப்புன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அவமானமா இருக்கணும். ஏன் மேடம் இப்படி நெஞ்சு நிறைஞ்சு கிடக்கு?"

சுஜா சிரிக்கவில்லை.

"இன்னைக்குத்தான் சார் உங்க கணக்கை ஒருத்தங்க படிச்சிருக்காங்க."